பெயர் யாரிடம் சொல்லப்படுகிறது? - ஓட்டிசம் பற்றிய படைப்புகள்: ஒரு விமர்சன நோக்கு

மனித இயல்பொன்றுக்குப் பெயரிடுவது மருத்துவத்தின் பணி. அப்பெயர் யாரிடம் சொல்லப்படுகிறது, சொல்லப்பட்ட பின் யாருடைய வாழ்வு கதையாகிறது என்பவற்றை ஆராய்வது விமர்சனத்தின் பணி. ஓட்டிசம் பற்றி நம்மவர் கண்ட திரைப்படங்களையும் பிறநாட்டார் எழுதிய தன்வரலாறுகளையும் இவ்வினாவை முன்வைத்து நோக்கும்போது, இரு வகைப் படைப்புகளுக்கும் இடையே அடிப்படையான வேறுபாடொன்று புலனாகின்றது.

1943இல் அமெரிக்காவில் லியோ கனரும், 1944இல் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்கரும் இவ்வியல்பை விவரித்தனர். இருவரும் சிறுவரையே ஆராய்ந்தனர். 1981இல் ஆங்கிலேய உளமருத்துவரான லோர்ணா விங், அஸ்பேர்கரின் ஆய்வை ஆங்கில வாசகருக்கு விரிவாக அறிமுகஞ் செய்தார். பேச்சும் கல்வியும் வாய்க்கப்பெற்றும், பிறரோடு பழகும் முறையிலும் ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை உணரும் முறையிலும் வேறுபட்டு நிற்போர் மீது மருத்துவத்தின் கவனம் அதன் பின்னரே பரவலாகத் திரும்பியது. சிறுவயதில் எவராலும் இனங்காணப்படாத பலர், வளர்ந்தோராகிய பின் தம் இயல்பின் பெயரை அறியும் நிலை இவ்வாறு உருவாயிற்று. இலங்கையில் 18 முதல் 24 மாத வயதுக் குழந்தைகளிடையே நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வொன்று, 93 பேருக்கு ஒருவரிடம் ஓட்டிசத்தைக் கண்டது. குழந்தைகள் குழந்தைகளாகவே இருந்துவிடுவதில்லை என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

ஆயின், நம்மவர் கண்ட படைப்புகள் பெரும்பாலும் குழந்தையோடு நின்றுவிடுகின்றன. 2013இல் குமாரவேலன் இயக்கிய 'ஹரிதாஸ்' தமிழில் இப்பொருளை நேர்மையுடன் அணுகிய திரைப்படம். நோயைக் குணமாக்கும் அற்புதம் எதனையும் அது காட்டவில்லை. தந்தையின் பொறுமையையும் ஆசிரியையின் அன்பையும் மிகையின்றிச் சித்திரித்தது. இருப்பினும் அது தந்தையின் கதையே. பெயர் தந்தைக்குச் சொல்லப்படுகிறது. கலங்குபவனும் தேறுபவனும் தந்தையே. மகன் ஓட்டத்தில் வெற்றி பெறும்போது மட்டுமே அவன் வாழ்வுக்குப் பொருள் கிட்டுகிறது. ஓடத் தெரியாத ஹரிதாசை அப்படம் எவ்வாறு முடித்திருக்கும் என்ற வினா எழாமற் போகாது. 1988இல் வெளிவந்த 'ரெயின் மேன்' என்னும் அமெரிக்கப் படத்தின் அமைப்பும் இதற்கு அண்மையானதே. அதில் வளர்ந்தவனாகிய தமையனை முன்னிறுத்தித் திருந்துபவன் தம்பி. தமையன் தான் முன்பிருந்த நிறுவனத்துக்கே மீள்கிறான்.

கரண் ஜோகரின் 'மை நேம் இஸ் கான்' (2010) இவ்வரிசையிலிருந்து ஓரளவு விலகுகிறது. மும்பையில் வளர்ந்த ரிஸ்வான், தாயின் மறைவின் பின் சான் பிரான்சிஸ்கோவுக்குச் செல்கிறான். அங்கு உளவியல் கற்ற அவனது தம்பி மனைவியே அவனது இயல்பை இனங்கண்டு பெயர் கூறுகிறாள். வளர்ந்த ஒருவன் தன் பெயரைத் தானே கேட்டு, அதனைத் தானே பிறருக்கு எடுத்துரைப்பது இந்தியத் திரையில் அரிதான காட்சி. எனினும் அப்பெயர் அவனைத் தன்னையொத்த எவரிடமும் கொண்டு சேர்க்கவில்லை. ஒரு நாட்டின் மனச்சாட்சிக்குத் தூதுவனாக அவன் தனியே நடக்கின்றான். தனிமை அவனது இயற்கை என இயக்குநர் கொண்டாரோ என ஐயுற வேண்டியுள்ளது.

இவ்வெடுகோளை மறுப்பது அவுஸ்திரேலியரான டொனா வில்லியம்ஸின் வரலாறு. சிறுவயதிற் செவிப்புலன் குறைந்தவராகவும் மனநிலை குலைந்தவராகவும் கருதப்பட்ட அவர், வளர்ந்த பின்னரே ஓட்டிசம் உடையவரென உறுதிசெய்யப்பட்டார். 1992இல் 'நோபடி நோவெயர்' என்னும் அவரது தன்வரலாறு வெளிவந்தது. அதே ஆண்டில் ஜிம் சின்கிளேயர் முதலியோருடன் சேர்ந்து, ஓட்டிசம் உடையோர் தாமே நடத்தும் சர்வதேச அமைப்பொன்றை அவர் தோற்றுவித்தார். 1993இல் ரொறன்ரோ மாநாட்டிற் பெற்றோரை நோக்கி உரையாற்றிய சின்கிளேயர், பெற்றோர் துயருறுவது தாம் எதிர்பார்த்த, ஆனால் பிறவாத குழந்தைக்காகவே என்றும், பிறந்திருக்கும் குழந்தைக்காகத் துயருறல் வேண்டா என்றும் வாதிட்டார். 1996 முதல் அவ்வமைப்பினர் தம் இயல்புக்கேற்ற ஒழுங்குகளோடு ஆண்டுதோறும் ஒன்றுகூடினர். பேச விரும்பாதவர் பேசாதிருக்கலாம் என்பதும் அவ்வொழுங்குகளுள் ஒன்று. தனித்திருப்போர் என்று உலகம் கூறியவர்கள், பெயர் தம் கைக்கு வந்ததும் தேடியது தம்மையொத்தோரையே. பெயர் பெற்றோரிடம் சொல்லப்பட்டபோது பெற்றோர் சங்கங்கள் தோன்றின. உரியவரிடமே சொல்லப்பட்டபோது உரியவரின் சமூகம் தோன்றியது.

இவ்வளவுகோலை யாழ்ப்பாணத்துக்குப் பொருத்திப் பார்த்தல் அவசியமாகும். கைதடியில் நவீல்ட் பாடசாலையும் சுன்னாகத்தில் வாழ்வகமும் கோண்டாவிலில் சிவபூமிப் பாடசாலையும் இயங்கி வந்துள்ளன. பார்வையிழந்தோர், செவிப்புலனற்றோர், உளவிருத்தி குன்றிய சிறுவர் ஆகியோருக்குப் பெயர் இருந்தது. பெயர் இருந்தமையாற் கூடுமிடமும் வாய்த்தது. படித்து, உத்தியோகம் பார்த்து, ஆயினும் ஊரோடு ஒட்டாது வாழும் வளர்ந்த மனிதருக்கு ஊர் வழங்கிய சொற்கள் 'ஒரு மாதிரி', 'விசர்' என்பனவே. மறுபுறத்தில், நல்லூர்த் தேரடியில் இருந்த செல்லப்பா சுவாமிகளை விசரர் என்ற ஊரே பின்னர் ஞானி எனப் போற்றியது. மறைந்தோருக்கு இன்று மருத்துவப் பெயர் சூட்டுவது தவறு. அவ்வாறு சூட்டுதல் விமர்சனமுமாகாது. வழக்கத்துக்கு மாறான நடத்தைக்கு இச்சமூகம் ஒதுக்கிய இடங்கள் விசரும் ஞானமும் என்ற இரண்டே என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. விசரருமல்லாத ஞானியுமல்லாத சாதாரண மனிதருக்கு இடமிருக்கவில்லை.

போர் மூன்றாவது இடமொன்றை உண்டாக்கியது. பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின் 'ஸ்கார்ட் மைண்ட்ஸ்' (1998) போரின் உளத்தாக்கங்களை ஆராய்ந்து, மௌனத்தையும் அச்சத்தையும் துயரின் குறிகளாக வாசிக்கக் கற்பித்தது. அவ்வாசிப்பு இன்றியமையாதது. ஆயின் போர்க்காலத்திற் பிறந்த ஒருவர் பேச்சிற் குறைந்து, பேரொலிக்கு அஞ்சி, கண்ணோக்காது விடையளிப்பாராயின், அதற்கு ஷெல் வீச்சே காரணமென எவரும் எளிதில் முடிவு செய்துவிடலாம். போருக்கு முன்பே, கருவிலேயே தொடங்கிய இயல்பொன்று அம்முடிவினுள் மறைந்துவிடக்கூடும். சோதனைச்சாவடியில் நேராகப் பார்த்து உடனே விடையளிக்க இயலாதவர் எத்தகைய ஆபத்தில் நின்றிருப்பார் என்பதை எழுதவல்லவர் அவ்வாறு நின்றவரே. ஈழத்துப் போரிலக்கியத்திற் கேட்கப்படாத குரல்களுள் இதுவும் ஒன்று.

வளர்ந்த பின் பெயர் பெறுவதால் ஆவதென்ன என வினவுவோர் உளர். அவர்தம் அச்சம் காரணமற்றதன்று. கலியாணப் பேச்சில் ஒரு பெயர் உடன்பிறந்தார் வாழ்வையும் பாதிக்கும் சமூகம் இது. மறைத்தலே பாதுகாப்பு எனக் குடும்பங்கள் கருதுவது அதனாலேயே. தமிழில் வழங்கும் 'மதியிறுக்கம்' என்ற சொல்லும் அவ்வச்சத்தைத் தணிக்கவில்லை. உள்ளிருந்து உணர்ந்தவர் ஆக்கிய சொல் அதுவன்று. புறத்தே நின்று நோக்கியவர் கண்ட இறுக்கத்தையே அது குறிக்கின்றது. எனினும் பெயரில்லாமையும் ஒரு பெயரையே தருகிறது. திமிர், சோம்பல், அன்பின்மை என்பன அப்பெயர்கள். அவற்றைத் தன் குணக்கேடாக ஏற்று நாற்பது வயது வரை வாழ்ந்த ஒருவருக்கு, உண்மைப் பெயர் பழியினின்று விடுதலையாகும்.

பேசப்பட்டோர் தாமே பேசத் தொடங்கிய தருணங்கள் ஈழத்து இலக்கியத்துக்குப் புதியனவல்ல. கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) அத்தகையது. 1986இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிவந்த 'சொல்லாத சேதிகள்' பத்துப் பெண் கவிஞரை ஒருங்கு சேர்த்தது. அங்கு நூலும் கூட்டமும் ஒன்றாகவே பிறந்தன. ஓட்டிசம் உடைய வளர்ந்தோரின் எழுத்தும் தமிழில் அவ்வாறே தோன்ற வேண்டும். அது தோன்றும்போது இரக்கத்தையோ அசாதாரணத் திறமையையோ அதனிடம் எதிர்பார்த்தல் பொருந்தாது. நேராகச் சொல்லுதல், ஒரே பொருளை மீளமீள நோக்குதல், உவமையைத் தவிர்த்தல் ஆகிய இயல்புகள் அவ்வெழுத்திற் காணப்படுமாயின், அவற்றைக் குறைகளென்று ஒதுக்காது நடையின் கூறுகளாக மதிப்பிடும் பயிற்சியை விமர்சகர் இப்போதே மேற்கொள்ளல் வேண்டும்.