ரோமில் ஆசை தீரச் சாப்பிட்டேன்

குளூட்டன் ஒத்துக்கொள்ளாத ஒருவர் பயமில்லாமல் சாப்பிட ஒரு வெளிநாட்டு நகரம் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் யோசிக்காமல் ரோம் என்பேன். பீட்சாவும் பாஸ்தாவுமே சாப்பாடாக இருக்கிற நாட்டுக்குப் போய் நீ எதைச் சாப்பிடுவாய் என்று கிளம்பும்போது கேட்காத உறவினர் இல்லை. பீட்சாவைச் சாப்பிட்டேன், பாஸ்தாவைச் சாப்பிட்டேன், நடுநடுவே ஐஸ்கிரீமும் சாப்பிட்டேன்.

எனக்கு இருப்பது சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்பு சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கத் தொடங்கிவிடும். குளூட்டனை வாழ்நாள் முழுக்க விலக்கி வைப்பதுதான் சிகிச்சை. ரொட்டித் தூள் ஒட்டிய கரண்டிகூட ஆகாது. அரிசிச் சோறு சாப்பிடும் ஊர்க்காரிக்கு இதில் என்ன கஷ்டம் என்று தோன்றலாம். கடைகளில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அதனால் ஓட்டல் சாம்பாரும் ரசமும் எனக்கு எட்டாதவை. அந்தக் கடையில் எந்தப் பெருங்காயம் போடுகிறார்கள் என்று பரிமாறுகிறவரால் எப்படிச் சொல்ல முடியும்?

ரோமில் உணவகத்தில் உட்கார்ந்ததும் ‘சோனோ செலியாக்கா’ என்பேன். எனக்குச் சீலியாக் இருக்கிறது என்று பொருள். ஆண்கள் ‘செலியாக்கோ’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், மற்றதை அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். எது ஆகும், எது ஆகாது, எதைத் தனிப் பாத்திரத்தில் செய்ய முடியும் என்று பரிமாறுகிறவரே வரிசையாகச் சொன்னார். யூதர் குடியிருப்புப் பகுதியில் ஓர் உணவகத்தில், “எங்களிடம் எண்ணெய்ச் சட்டி ஒன்றுதான் இருக்கிறது, மாவு தோய்த்த மீனையும் அதில்தான் பொரிக்கிறோம், உங்களுக்கு வேண்டாம்” என்று தாமாகவே தடுத்தார்கள். அந்த நேர்மைக்காகவே அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

இந்த அக்கறைக்குப் பின்னால் பல்லாண்டு உழைப்பு இருக்கிறது. இத்தாலியச் சீலியாக் சங்கம் 1979-இலிருந்து இயங்குகிறது. உணவகங்களுக்குப் பயிற்சி கொடுத்து, தேறியவற்றைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. 2005-இல் வந்த 123-ஆம் எண் சட்டம், பள்ளி, மருத்துவமனை போன்ற பொது உணவுக்கூடங்களில் கேட்பவர்களுக்குக் குளூட்டன் இல்லாத சாப்பாடு தரவேண்டும் என்கிறது. நோயாளிகள் தனி மாவும் ரொட்டியும் வாங்க அரசு மாதாமாதம் உதவித்தொகை தருகிறது. 2018-இல் வகுத்த கணக்குப்படி நடுவயதுப் பெண்ணுக்கு அது 90 யூரோ, ஆணுக்கு 110 யூரோ. பச்சைச் சிலுவை விளக்கெரியும் மருந்துக்கடைக்குள் போனால் இருமல் மருந்துக்குப் பக்கத்து அலமாரியிலேயே பாஸ்தாவும் பிஸ்கட்டும் கேக்கும்! உணவையும் மருந்தாக மதிக்கும் ஒரு தேசத்தைப் பார்த்து எனக்குத் தொண்டை அடைத்தது.

த்ராஸ்தேவெரே பகுதியில் மாமா ஈட் என்று ஓர் உணவகம் இருக்கிறது. குளூட்டன் உள்ள சமையலுக்கு ஓர் அடுக்களை, இல்லாததற்கு வேறோர் அடுக்களை. என் கணவரும் நானும் ஒரே மேசையில் ஆளுக்கொரு பீட்சா வாங்கினோம். விளிம்பு உப்பி, அங்கங்கே கருகி, நடுவில் மொட்ஸரெல்லா உருகி வழிய வந்தது என்னுடையது. அவருடையதைவிட அதுதான் ருசி என்று இன்றைக்கும் வாதாடுவேன். வெளியே வந்தால் நடந்துபோகும் தூரத்தில் சாந்தா மரியா தேவாலயம். பொன் பதித்த அதன் 12-ஆம் நூற்றாண்டு மொசைக், நிறைந்த வயிற்றோடு பார்க்க வேண்டிய காட்சி.

ஆனால் என்னைக் கட்டிப்போட்ட பண்டம் காச்சோ எ பெப்பே. பெக்கரினோ என்னும் செம்மறியாட்டுப்பால் பாலாடைக்கட்டி, மிளகு, பாஸ்தா வெந்த நீர், அவ்வளவுதான் சேர்மானம். எனக்கு அரிசி, சோள மாவுப் பாஸ்தாவில், புது நீரில், தனிச் சட்டியில் செய்து தந்தார்கள். முதல் வாயிலேயே மிளகு மூக்கில் ஏறியது. அன்று காலைதான் ரோமானிய மன்றத்தின் இடிபாடுகளுக்குள் சுற்றிவிட்டு வந்திருந்தோம். அங்கே மக்ஸென்ஷியஸ் கட்டடம் நிற்கும் இடத்தில் அதற்கு முன்பு பேரரசர் டொமிஷியன் கட்டிய மிளகுக் கிடங்குகள் இருந்தன. அங்கே குவிந்த மிளகு சேரநாட்டு முசிறித் துறையில் கப்பலேறியது. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைச் சங்கப் பாட்டு சொல்கிறது; அந்த மிளகு போய்ச் சேர்ந்த ஊரில் உட்கார்ந்து மிளகுச் சோற்றுக்குப் பழகிய நாக்கோடு அதைச் சாப்பிட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

நாங்கள் போனது மார்ச்சில், ஆர்ட்டிசோக் பருவத்தில். முழு மொட்டையும் எண்ணெயில் இரண்டு முறை பொரித்து எடுக்கும் யூத முறைப் பண்டத்தைத் தனி எண்ணெய் வைத்திருக்கும் வேறோர் இடத்தில் தேடிப் பிடித்தோம். மாவு என்பதே அதில் கிடையாது. வெளி இதழ்கள் அப்பளமாய் நொறுங்கும், நடுத்தண்டு வெண்ணெயாகக் கரையும். யூதர் குடியிருப்புப் பகுதியில்தான் 1555-இலிருந்து போப்பாண்டவர்கள் யூதர்களை மதிலுக்குள் அடைத்து வைத்தார்கள். அந்த நெருக்கடியிலும் இப்படியொரு சமையலை வளர்த்தவர்களை நினைத்துக்கொண்டுதான் சாப்பிட வேண்டும்.

பாந்தியன் என்ற பழைய ரோமானியக் கோயிலைப் பற்றி எழுதாமல் விடமுடியாது. 43 மீட்டர் அகலக் கான்கிரீட் கூரை, உள்ளே ஒரு இரும்புக் கம்பி கிடையாது, ஆண்டு 1,900 ஆகப்போகிறது! உச்சியில் திறந்த வட்டத்தின் வழியே ஒளித்தூண் சாய்ந்து விழும். மழை விழுந்தால் தரையில் உள்ள சிறு துளைகள் வழியே வடியும். அங்கிருந்து ஐந்து நிமிட நடையில் நவோனா சதுக்கம். பெர்னினி 1651-இல் முடித்த நீரூற்றில் நான்கு பெருநதிகளில் ஒன்றாக நம் கங்கையும் துடுப்பேந்தி உட்கார்ந்திருக்கிறது. தெருவுக்குத் தெரு நிற்கும் நசோனே குழாயில் குளிர்ந்த குடிநீர் இலவசம். வாயை விரலால் அடைத்தால் மேல்துளை வழியே தண்ணீர் எகிறும், அப்படியே குடிக்கலாம்.

இனிப்புக்கு ஃபாத்தாமோர்கானா. அந்தக் கடையில் ஐஸ்கிரீம் மட்டுமல்ல, கோன்கூடக் குளூட்டன் இல்லாதது. பேசில் இலை, வால்நட், தேன் சேர்த்த ஒரு வகை உண்டு, அதை விட்டுவிடாதீர்கள். வருடக்கணக்கில் கப்பில் மட்டுமே ஐஸ்கிரீம் சாப்பிட்ட நான், கோனை அடி நுனி வரை கடித்துத் தின்றேன்.

உங்கள் வீட்டிலும் சீலியாக் உள்ளவர் இருந்தால், பயணமே வேண்டாம் என்று வைத்திருந்தால், ரோமுக்குச் சீட்டு எடுங்கள். மார்ச், ஏப்ரல் நல்ல பருவம். இத்தாலியச் சீலியாக் சங்கத்தின் உணவகப் பட்டியலைக் கைப்பேசியில் இறக்கிக்கொள்ளுங்கள், பொரித்த பண்டம் எதுவானாலும் தனி எண்ணெயா என்று கேளுங்கள். பெட்டியில் அவல், சத்துமாவு என்று அடைத்துக்கொண்டு போகத் தேவையில்லை.