வேகம் இருந்தும் லேக் ஏன்? வடசென்னை வீடுகளும் ஓப்பன்டபிள்யூஆர்டி ரவுட்டரும்

பலர் ஒரே நேரத்தில் இணைந்து ஆடும் இணைய விளையாட்டுகளில், ஆட்டக்காரர் விசையை அழுத்தும் கணத்துக்கும் அதன் விளைவு திரையில் தெரியும் கணத்துக்கும் இடையே விழும் இடைவெளி தாமதம் எனப்படுகிறது. இளைஞர் வழக்கில் அதுவே ‘லேக்’. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கண்ணாடி இழை இணைப்பு தெருத்தெருவாக வந்துவிட்ட பின்னும் இந்தக் குறை ஓயவில்லை. அதைப் போக்கப் பலரும் நாடும் முதல் வழி கூடுதல் வேகத் திட்டத்துக்கு மாறுவது; மாறிய பின்னும் குறை அப்படியே இருந்துவிடுவதுதான் வழக்கம். இந்த விமர்சனம் எடுத்துக்கொள்வது சிவப்பு விளக்கும் எட்டு ஆன்டெனாவும் கொண்ட விலையுயர்ந்த ‘கேமிங்’ ரவுட்டரை அன்று. ஓப்பன்டபிள்யூஆர்டி என்னும் கட்டற்ற மென்பொருள் ஏற்றப்பட்ட சாதாரண ரவுட்டரையும், அதில் எஸ்கியூஎம் என்ற பெயரில் கிடைக்கும் வரிசை மேலாண்மை வசதியையும்தான்.

திட்ட விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வரும் எம்பிபிஎஸ், ஒரு நொடியில் எவ்வளவு தரவு வந்து சேரும் என்பதைக் குறிக்கிறது. பிங் என்பதோ ஒரு சிறு தரவுப் பொட்டலம் விளையாட்டின் சர்வருக்குப் போய்த் திரும்ப எடுத்துக்கொள்ளும் மில்லிநொடிகளின் கணக்கு. அது பொட்டலத்துக்குப் பொட்டலம் ஏறி இறங்குவது ஜிட்டர் எனவும், பொட்டலம் போய்ச் சேராமலே தொலைவது பாக்கெட் லாஸ் எனவும் வழங்குகின்றன. பிஜிஎம்ஐ, வாலரன்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற சண்டை விளையாட்டுகள் வீரரின் இருப்பிடம், திரும்பிய திசை, சுட்ட கணம் ஆகியவற்றையே மாற்றி மாற்றி அனுப்புவதால், ஆட்டம் நடக்கும்போது அவற்றுக்கு ஒரு எம்பிபிஎஸ்கூட முழுதாகத் தேவைப்படுவதில்லை. ஆனால் வாலரன்ட் சர்வர் நொடிக்கு 128 முறை ஆட்டத்தின் நிலையைக் கணக்கிடுகிறது. ஆகவே எட்டு மில்லிநொடி பிந்தி வரும் பொட்டலம் ஒரு கணக்கீட்டைத் தவறவிட்டுவிடுகிறது. ஓடிக்கொண்டிருந்த வீரர் திடீரெனப் பின்னால் இழுக்கப்பட்டுப் பழைய இடத்தில் நிற்பதாகத் தெரிவதும் இதனால்தான்: கைப்பேசியோ கணினியோ தன் ஊகத்தில் அவரை முன்னே நகர்த்திவிட, சர்வரின் கணக்கு பிந்தி வந்து அந்த ஊகத்தைத் திருத்துகிறது.

எல்லா விளையாட்டும் இப்படிப்பட்டதன்று. கேரம் மன்றங்களுக்குப் பெயர்போன வடசென்னையில் கைப்பேசியில் ஆடப்படும் கேரம் பூல், முறைவைத்து ஆடப்படுவதாகையால், 300 மில்லிநொடி தாமதத்திலும் குறையின்றி ஓடும். எனவே ‘கேரம் நன்றாக ஓடுகிறது, யூடியூப் நன்றாக ஓடுகிறது, பிஜிஎம்ஐ மட்டும் அடிவாங்குகிறது’ என்ற முறையீட்டிலிருந்து குற்றம் விளையாட்டு நிறுவனத்துடையது என்று முடிவுகட்டுவது தவறு. யூடியூப் பல நொடிக் காட்சியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. சண்டை விளையாட்டுக்கு அந்த வசதி இல்லை.

தொலைவின் பங்கு எவ்வளவு என்பதை எளிய கணக்கில் காணலாம். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ இரண்டு லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. தரைவழியில் சென்னைக்கும் மும்பைக்கும் சுமார் 1,300 கிலோமீட்டர் என்று கொண்டால், போய்வர 13 மில்லிநொடி. வழியிலுள்ள கருவிகள் எடுக்கும் நேரத்தையும் இழை சுற்றிச் செல்வதையும் சேர்த்து இருபதுகளில் பிங் அமைவது இயல்பு. சர்வர் சிங்கப்பூரில் இருந்தாலும், அங்கே செல்லச் சென்னைக் கரையிலிருந்தே 2002 முதல் ஐ2ஐ கடலடி வடமும், அதன்பின் டாட்டாவின் வடமும் உள்ளன. நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர், ஒளியின் போக்குவரத்துக்கு 32 மில்லிநொடி. கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 ஆகியவற்றை நடத்தும் வால்வ் நிறுவனத்துக்கு மும்பையில் மட்டுமன்றிச் சென்னையிலேயே சர்வர் முனையம் இருப்பதால், திருவொற்றியூர் ஆட்டக்காரரின் பிங் ஒற்றை இலக்கத்துக்குக்கூட இறங்க இடமுண்டு. இதற்கு ஒரு விலக்கைச் சொல்ல வேண்டும். வீட்டு இணைய நிறுவனமும் சர்வரின் நிறுவனமும் சென்னையில் ஒன்றுக்கொன்று இணைக்கப்படவில்லை என்றால், பொட்டலம் மும்பைக்குப் போய்த் திரும்பவும் சென்னைக்கே வரும். இந்தச் சுற்றுவழியைக் குறைப்பதற்காகவே 2003-இல் நிக்சி எனப்படும் இந்திய தேசிய இணையப் பரிமாற்றகம் நிறுவப்பட்டது. அந்தச் சுற்றுவழியைச் சேர்த்தாலும் கணக்கு ஐம்பதைத் தாண்டுவது அரிது. 150, 200 என்று ஏறும் பிங்குக்குத் தொலைவு காரணமாகாது. அது வீட்டுக்குள்ளோ வீட்டு வாசலிலோதான் பிறக்கிறது.

எங்கே பிறக்கிறது என்பதைக் காசு செலவின்றிக் கண்டறியலாம். கணினியின் கட்டளைத் திரையில் முதலில் ரவுட்டரின் முகவரிக்கு, பெரும்பாலும் 192.168.1.1, பிங் கொடுக்க வேண்டும். கம்பி வழியே என்றால் விடை ஒரு மில்லிநொடிக்குள் வர வேண்டும். வைஃபை வழியே என்றால் இரண்டு முதல் ஐந்து வரை இருக்கலாம். அது அவ்வப்போது எண்பது, நூறு என்று துள்ளினால், இணைய நிறுவனத்துக்கு அதில் தொடர்பே இல்லை. ரவுட்டர் வரை சரியாக இருந்தால் டிரேஸ்ரூட் என்னும் கட்டளையால் வழியிலுள்ள ஒவ்வொரு நிலையத்தையும் காணலாம். இதில் இடையிலுள்ள ஒரு நிலையம் மட்டும் விடை தராமலோ தாமதித்தோ இருந்து, அதற்கடுத்தவை ஒழுங்காக இருந்தால் அதைக் குறையாகக் கொள்ளக் கூடாது. பெரிய ரவுட்டர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதைக் கடைசி வேலையாகவே வைத்துக்கொள்கின்றன. இந்தச் சோதனையை இருமுறை செய்வது இன்றியமையாதது: வீட்டில் எவரும் இணையத்தைப் பயன்படுத்தாதபோது ஒரு முறை, மற்றொரு கைப்பேசியிலிருந்து பெரிய காணொளி ஒன்று கூகுள் ஃபோட்டோஸுக்கு ஏறிக்கொண்டிருக்கும்போது ஒரு முறை. இரண்டாவது சோதனையில்தான் பெரும்பாலான வீடுகள் தோற்கின்றன.

அந்தத் தோல்வியின் காரணத்துக்குப் போகும் முன், வைஃபையைப் பற்றிச் சில செய்திகள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றன்மேல் ஒன்று படியாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. சுவரோடு சுவர் ஒட்டிய ராயபுரத்து வீடுகளிலும் தண்டையார்பேட்டை, எர்ணாவூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் அந்த மூன்றை முப்பது வீடுகள் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவியே பேச முடியும் என்பதால், பக்கத்து வீட்டின் ரவுட்டருக்காகவும் இந்த வீட்டின் கைப்பேசி காத்திருக்கிறது. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். 2018 அக்டோபரில் இந்திய அரசு அவ்வலைவரிசையின் பெரும்பகுதியை உரிமம் இன்றிப் பயன்படுத்த அனுமதித்த பின் அது மேலும் கூடியது. செங்கல் சுவரை ஊடுருவுவதில் அது பலவீனமானது என்றாலும், ஒரே அறையில் ரவுட்டர் இருந்தால் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். புளூடூத் இயர்போனும் 2.4-லேயே இயங்குவதால், பல கைப்பேசிகளில் வைஃபையும் புளூடூத்தும் ஒரே ஆன்டெனாவை மாறிமாறிப் பயன்படுத்துகின்றன. ஆட்டக்காரர் கம்பி இயர்போனுக்கு மாறியதும் லேக் மறைந்துவிடும் வீடுகளில் நடப்பது இதுதான். சென்னைத் துறைமுகத்தின் நூற்றாண்டுக் கட்டடத்தின் உச்சியில் 2002 முதல் சுழலும் வானிலை ரேடாரை இதில் இழுப்பதில் பொருளில்லை. அது எஸ்-பேண்டில், வைஃபையின் இரு அலைவரிசைகளுக்கும் வெளியே இயங்குவது.

ஆயினும் வைஃபையைச் சீராக்குவதைவிட அதைத் தவிர்ப்பது மேல். ரிப்பீட்டர் என்னும் நடுக்கருவி ஒரே பொட்டலத்தை இருமுறை காற்றில் அனுப்புவதால் தாமதத்தைக் கூட்டவே செய்யும், வாங்கத் தக்கதன்று. அதன் விலையைவிடக் குறைவாக மின்னணுப் பொருள்கள் விற்கும் ரிச்சி தெருவில் பதினைந்து மீட்டர் கேட்-6 கம்பி கிடைக்கும். வாங்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மலிவாக விற்கப்படும் கம்பிகளில் பல, அலுமினியத்தின்மேல் செம்பு பூசியவை. உள்ளிழையைப் பிளேடால் மெல்லச் சுரண்டினால் செம்பு நிறம் போய் வெள்ளி நிறம் தெரியும். எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய கடலோர வீடுகளின் உப்புக் காற்றில் அலுமினியம் விரைவில் அரித்துவிடுகிறது. செம்புக் கம்பியாக இருப்பினும் மொட்டைமாடியில் திறந்து கிடக்கும் ஆர்ஜே-45 முனையில் பச்சை படிந்து பொட்டலங்கள் தொலையத் தொடங்கும். கம்பியை வீட்டுக்குள்ளேயே இழுப்பதும், வெளியே போவது தவிர்க்க முடியாதென்றால் முனையை மூடிய பெட்டிக்குள் வைப்பதும் நல்லது.

இனி எஸ்கியூஎம். வீட்டிலிருந்து வெளியேறும் தரவு, இணைப்பின் வேகத்தைவிட மிகுதியாக வரும்போது ரவுட்டரோ அதற்கடுத்த கருவியோ அதை ஒரு வரிசையில் நிறுத்திவைக்கிறது. இந்த வரிசை தேவைக்கு மிஞ்சி நீளமாக அமைந்துவிடுவதை அமெரிக்கப் பொறியாளர் ஜிம் கெட்டிஸ் 2010-இல் கண்டறிந்து அதற்குப் பஃபர்புளோட் எனப் பெயரிட்டார். லினக்ஸில் நெடுங்காலம் வழக்கமாக இருந்த வரிசை நீளம் 1,000 பொட்டலங்கள். ஒவ்வொன்றும் 1,500 பைட் என்றால் மொத்தம் 12 மெகாபிட். பதிவேற்ற வேகம் 20 எம்பிபிஎஸ் உள்ள வீட்டில் அந்த வரிசை கரைய 0.6 நொடி, அதாவது 600 மில்லிநொடி பிடிக்கும். சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டில் கன்டெய்னர் டிரெய்லர்களுக்குப் பின்னால் சிக்கிய இருசக்கர வண்டியைப் போல, ஒருவரின் வாட்ஸ்அப் பேக்கப்புக்குப் பின்னால் மற்றொருவரின் துப்பாக்கிக் குண்டு நிற்கிறது. 100 எம்பிபிஎஸ் திட்டத்தை 300 ஆக்கினால் வரிசை சற்று விரைவாகக் கரையுமே தவிர, வரிசை உருவாவது நிற்காது; கூகுள் ஃபோட்டோஸ் கிடைத்த வேகம் முழுவதையும் எடுத்துக்கொள்ளும் இயல்புடையது.

இதற்கான விடையாக கேத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் கோடெல் என்னும் முறையை வெளியிட்டனர்: வரிசையின் நீளத்தை அன்றி, அதில் ஒரு பொட்டலம் காத்திருக்கும் நேரத்தை அளந்து, நேரம் மிஞ்சினால் சில பொட்டலங்களைக் கைவிட்டு, அனுப்புபவரை வேகம் குறைக்கச் செய்வது. அதனோடு ஒவ்வொரு தரவோட்டத்துக்கும் தனி வரிசை அளிக்கும் ஏற்பாடு சேர்ந்து எஃப்க்யூ-கோடெல் உருவானது. 2025-இல் மறைந்த நிரலாளர் டேவ் டாட் இதன் பரவலுக்கு வாழ்நாளின் கடைசிப் பகுதியைச் செலவிட்டார். அதன் வளர்ந்த வடிவமான கேக் 2018-இல் லினக்ஸ் கருவில் இடம்பெற்றது. ஓப்பன்டபிள்யூஆர்டியில் எஸ்கியூஎம் பக்கத்தைத் திறந்து, வெளியிணைப்பைத் தேர்ந்து, அளந்து பார்த்த இறக்க, ஏற்ற வேகங்களில் 90 விழுக்காட்டை நிரப்பி, கேக் என்பதைக் குறித்தால் வேலை முடிந்தது. பத்து விழுக்காட்டைத் துறப்பது ஏன் என்றால், வரிசை இணைய நிறுவனத்தின் கருவியில் சேராமல் இந்த ரவுட்டரிலேயே சேர வேண்டும் என்பதற்காக. சேரும் இடம் கைவசம் இருந்தால்தான் அதை ஒழுங்குபடுத்த முடியும். காணொளி ஏறிக்கொண்டிருக்கும் அதே சோதனையை மீண்டும் செய்தால், நூற்றுக்கணக்கில் ஏறிய பிங் சும்மா இருக்கும் நிலையைவிடச் சில மில்லிநொடிகளே கூடி நிற்பதைக் காணலாம். விளம்பர ‘கேமிங் மோட்’ எதுவும் இந்த அளவுக்கு வெளிப்படையான பலனைத் தருவதில்லை.

குறைகளும் உண்டு, சில எரிச்சலூட்டுபவை. ஒரே மாதிரிப் பெயரில் விற்கும் ரவுட்டர்களுக்குள் பதிப்புக்குப் பதிப்பு சிப் மாறுகிறது. டிபி-லிங்க் ஆர்ச்சர் சி6 போன்றவற்றில் சில பதிப்புகளை ஓப்பன்டபிள்யூஆர்டி ஏற்கும், சிலவற்றை ஏற்காது. ஆகவே அடிப்பகுதி ஒட்டியில் உள்ள பதிப்பு எண்ணைத் திட்டத்தின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். தவறான கோப்பை ஏற்றினால் கருவி செயலிழக்கலாம், உத்தரவாதமும் போகும். மலிவான சிப்புகள் கேக் கணக்கைச் சில நூறு எம்பிபிஎஸ் வரை கூடத் தாங்காமல் திணறுவதால், மிகுவேகத் திட்டம் வைத்திருப்பவர் வலுவான கருவி வாங்க வேண்டியிருக்கும். இணைய நிறுவனம் தந்த இழைப் பெட்டிக்குப் பின்னால் இந்த ரவுட்டரை வைக்கும்போது, அப்பெட்டியை பிரிட்ஜ் நிலையில், அதாவது தானே முகவரி பங்கிடாமல் தரவை அப்படியே கடத்தும் நிலையில், மாற்றித் தரும்படி கேட்பது நல்லது; மறுத்தால் இரட்டை முகவரி மாற்றத்தால் சில கன்சோல் விளையாட்டுகளில் நண்பரின் குரல் கேட்காமல் போகக்கூடும்.

வெளியே உள்ள பழுதை எஸ்கியூஎம் தீர்க்காது. விளக்குக் கம்பங்களின் வழியே தொங்கும் இழை மடங்கியிருந்தால் ஒளியின் வலிமை குறையும். இழைப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் அது மைனஸ் 27 டிபிஎம் அருகே காட்டினால், ஆளை வரவழைப்பது தவிர வேறு வழியில்லை. 5ஜி வழியே வரும் ஏர்ஃபைபர் வகை இணைப்புகளில் வேகம் கணத்துக்குக் கணம் மாறுவதால் ஒரே எண்ணை நிரப்பும் இந்த முறை அரைப் பலனே தரும். சித்திரை வெயிலில் சூடேறிய கைப்பேசி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்வதையும் பலர் லேக் என்றே சொல்கின்றனர். திரையின் மூலையில் பிங் எண் மாறாதிருக்கக் காட்சி மட்டும் தடுமாறினால் ரவுட்டரைக் குறைகூற இடமில்லை. பிங்கைக் குறைப்பதாகச் சொல்லும் விபிஎன் செயலிகள், மேலே சொன்ன சுற்றுவழிக் குறை உள்ள இணைப்பில் எப்போதாவது உதவலாம். மற்ற இடங்களில் சந்தா வீண்.

100 எம்பிபிஎஸ் வரையிலான திட்டமும், நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் வழக்கமும் உள்ள வீட்டுக்கு, மூவாயிரம் ரூபாய் அளவிலான ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டியும் எஸ்கியூஎம்மும் தாராளமாகப் பரிந்துரைக்கத் தக்கவை. தனியாக வாழ்ந்து, கம்பி வழியே ஆடுபவருக்கு இது தேவையில்லை. இரு சாராரும் அடுத்த மாதத் திட்டத்தை உயர்த்தும் முன், பதிவேற்றம் நடக்கும்போது ஒரு முறை பிங் அளந்து பார்த்துவிட வேண்டும்.