ஏழடி அகல வீடு

இங்கிலாந்தின் குறுகிய கால்வாய்ப் படகுக்கு நீளம் 70 அடிவரை இருக்கும், அகலமோ ஏழடிதான். மதகுகளின் அகலம் விதித்த அளவு அது. முன்பு சரக்கு ஏற்றிச் சென்ற அப்படிப்பட்ட பழைய மரப்படகு ஒன்றில் குடியேறிவிடுவது என்று முடிவெடுத்தார் எல். டி. சி. ரோல்ட். படகின் பெயர் கிரெஸ்ஸி. அவர் பொறியாளர், கனவு காண்பதோடு ஸ்பேனரும் பிடிக்கத் தெரிந்தவர்.

1939இல் பான்பரி ஊரின் டூலி படகுப் பட்டறையில் வேலை நடந்தது. இத்தகைய படகுகளுக்குப் பொதுவாகப் பக்கங்கள் ஓக், அடிப்பலகை எல்ம். எப்போதும் நனைந்தே கிடந்தால் எல்ம் எளிதில் உளுக்காது. உலர்துறையில் தண்ணீரை வடித்து, பலகை இடுக்குகளில் சணல் நாரை உளியால் அடித்துச் செருகுவார்கள். பிறகு தார், மாட்டு மயிர், குதிரைச் சாணம் மூன்றையும் காய்ச்சிய கலவையைச் சூட்டோடு பூசுவார்கள். நாற்றம் குடலைப் புரட்டும். ஆனாலும் கையில் கிடைத்ததைக் கொண்டு தண்ணீரைத் தடுத்த அந்த அறிவுக்கு ஈடு ஏது!

உள்ளே அறைகள், புத்தக அலமாரி, குளியல் தொட்டிகூட.

அந்தக் கோடையில் புதுமனைவி ஏஞ்சலாவோடு புறப்பட்டார். செப்டம்பரில் போர் மூண்டது. ஆனாலும் படகு வாழ்க்கை 1951வரை நீடித்தது. பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1944இல் வந்தது; கைவிடப்பட்டுக்கொண்டிருந்த கால்வாய்களைக் காக்க 1946இல் சங்கம் ஒன்று பிறக்க அதுவே வித்திட்டது. 1790இல் தோன்றிய டூலி பட்டறையின் உலர்துறை, இன்று வணிக வளாகம் ஒன்றின் நடுவே இருக்கிறது.