480 நாட்களின் வரலாறு: பல்கலைக்கழகமும் பாடியும்

பாடிக்கு எழுதப்பட்ட வரலாறுகள் இரண்டு உண்டு. ஒன்று திருவலிதாயத்துத் தலபுராணம். சம்பந்தர் பாடிய தலம், பரத்வாசர் கருங்குருவியாய் வந்து பூசித்த இடம், வியாழக்கிழமையானால் குருவைப் பார்க்கக் கூட்டம். மற்றது கம்பெனிகளின் புராணம். 1961ல் லூகாஸ்-டிவிஎஸ், 1962ல் சுந்தரம் கிளேட்டன், 1966ல் சுந்தரம் பாஸனர்ஸ், கூடவே வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா. பக்கத்திலேயே 1964ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. 1998ல் சுந்தரம் கிளேட்டனுக்கு ஜப்பானியரின் டெமிங் விருது கிடைத்தது வரை அந்தக் கதை ஏறுமுகமாகவே சொல்லப்படுகிறது. இரண்டிலும் அற்புதங்கள் நடக்கின்றன. இரண்டிலும் லேத்துக்கு முன்னால் எட்டுமணி நேரம் நின்றவனுக்குப் பெயர் கிடையாது.

மூன்றாவதாக ஒரு வரலாறு இப்போது வந்துகொண்டிருக்கிறது. கையில் கேள்வித்தாளும் செல்போன் ரெக்கார்டருமாகக் கல்லூரியிலிருந்து வருகிறது. 'பொது வரலாறு', 'சமூக ஈடுபாடு', 'வாய்மொழி ஆவணம்' என்று அதற்குப் பெயர்கள். இக்கட்டுரை அதைப் பற்றியது.

நான் பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியின் பெயர் வேண்டாம். எம்.டி.எச். ரோட்டை ஒட்டிய டீக்கடை ஒன்றில், ஓய்வுபெற்ற டர்னர் ஒருவரைச் சுற்றி ஐந்தாறு மாணவர்கள். 'உங்கள் பணிக்கால அனுபவம் எத்தகையது?' என்று கேள்வித்தாளைப் பார்த்து ஒரு பெண் வாசித்தாள். பெரியவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். 'இத எழுதிகினு போய் இன்னாம்மா பண்ணப்போறீங்க?' 'புராஜெக்ட் தாத்தா.' 'சரி, எழுதிக்கோ' என்று ஆரம்பித்து ஒன்றரை மணி நேரம் பேசினார். போனஸ் தகராறு, கேட் மீட்டிங், கேண்டீன் சாம்பார், போன விரல், எல்லாம். சில மாதம் கழித்துக் கல்லூரியில் கண்காட்சி. பெரியவரின் முகம் ஆள் உயரத்துக்குக் கறுப்பு வெள்ளையில் தொங்கியது. கீழே இரண்டு வரி ஆங்கிலத்தில். அவரை யாரோ வரச்சொல்லியிருந்தார்கள், வந்தார். வாசலில் செக்யூரிட்டி 'ஐ.டி. கார்டு இருக்கா?' என்று நிறுத்திவிட்டான். உள்ளே தொங்கும் மனிதர் வெளியே நிற்கிறார். அறிவு/அதிகாரம் பற்றி ஃபூக்கோவை எடுத்துப் பத்துப் பக்கம் எழுதலாம். அந்த வாசல் போதும்.

மாணவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் உண்மையிலேயே ஆசையாகத்தான் கேட்டார்கள். கேள்வியை வடிவமைத்த நிறுவனத்தைத்தான் பார்க்க வேண்டும். 1969ல் நாட்டு நலப்பணித் திட்டம் வந்ததிலிருந்து நம் கல்லூரிகளுக்குச் 'சமூகம்' என்றால் முகாம் போடும் இடம். ஏழு நாள் தங்கி, கோயில் குளத்தைச் சுத்தம் செய்து, போட்டோ எடுத்துத் திரும்பலாம். 1994ல் 'நாக்' வந்தபிறகு விரிவாக்கப்பணிக்கும் மதிப்பெண். வருகிற குழுவுக்குக் காட்ட ஃபைல் வேண்டும், ஃபைலுக்குச் சமூகம் வேண்டும். பெரியவரின் ஒன்றரை மணி நேரம் அந்த ஃபைலில் ஒரு தாள்.

மேலைநாட்டிலிருந்து இறக்குமதியான எதையும் அதன் பிறப்புச் சான்றிதழோடு வாங்குவது நல்லது. 'பொது வரலாறு' என்ற பெயரில் முதல் பல்கலைக்கழகப் படிப்பை 1976ல் கலிஃபோர்னியாவில் சாண்டா பார்பரா வளாகத்தில் தொடங்கியவர் ராபர்ட் கெல்லி. வரலாற்றில் டாக்டர் பட்டம் வாங்கியவர்களுக்கு ஆசிரியர் வேலை கிடைக்காமல் போன காலம் அது. அரசுத் துறைகளிலும் கம்பெனிகளிலும் வரலாற்றாளரை உட்காரவைக்கலாமே என்ற யோசனை. வேலையில்லாத் திண்டாட்டத்துக்குப் பிறந்த பிள்ளை. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, ஆனால் இந்த மரபில் வரலாற்றாளருக்கு ஒரு 'வாடிக்கையாளர்' உண்டு என்பதை மறந்துவிடக் கூடாது.

இன்னொரு மரபு இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் தொழிலாளர் படித்த ரஸ்கின் கல்லூரியில் 1960களில் ரஃபேல் சாமுவேல் தொடங்கிய 'வரலாற்றுப் பட்டறை'. அங்கே தொழிலாளியே வரலாற்றை எழுதினான். 1977ல் ஜோஹன்னஸ்பர்க்கின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் அதே பெயரில் ஒன்று எழுந்தது. நிறவெறி ஆட்சிக்கு நடுவே பல்கலைக்கழக வளாகத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்து நாடகமும் சிலைடு காட்சியும் நடத்தினார்கள். தங்கச் சுரங்கத் தொழிலாளர் வரலாற்றைத் தொழிலாளர்கள் படிக்கிற மாதிரி லூலி காலினிகோஸ் எழுதினார். ஸ்வீடனில் ஸ்வென் லிண்ட்க்விஸ்ட் 1978ல் எழுதிய நூலின் தலைப்பே ஓர் அழைப்பு: நீ நிற்கும் இடத்தில் தோண்டு. அவர் தோண்டிக் காட்டியது சிமெண்ட் ஆலைகளை. கம்பெனி வரலாறுகள் பங்குதாரர் இருக்கையிலிருந்து எழுதப்பட்டவை. தூசியைத் தின்றவன்தான் அந்த வேலையின் நிபுணன், அவனே ஆராயட்டும் என்பது அவர் வாதம். இந்தப் புத்தகத்தைப் பாடிக்காரர் ஒருவருக்குச் சுருக்கமாகச் சொன்னேன். 'இத்த சொல்றதுக்கு வெள்ளைக்காரன் வேணுமா?' என்றார். நியாயம்தான்.

நமக்கும் முன்னுதாரணம் இல்லாமலில்லை. நா. வானமாமலை 1967ல் நெல்லை ஆய்வுக் குழுவை அமைத்ததும் 1969ல் 'ஆராய்ச்சி'யைத் தொடங்கியதும் பல்கலைக்கழகத்துக்கு வெளியேதான். பாளையங்கோட்டையில் டுட்டோரியல் கல்லூரி நடத்தி வயிறு வளர்த்தவர் செய்த காரியம் அது.

பல்கலைக்கழகத்துக்கு உள்ளே செய்யப்பட்ட நல்ல காரியத்துக்கு என்ன கதி? தே. வீரராகவனை எடுத்துக்கொள்வோம். பார்வையற்றவர், சென்னை ஐ.ஐ.டி.யில் ஆசிரியர். 1918 முதல் 1939 வரையிலான சென்னைத் தொழிலாளி வர்க்கத்தின் உருவாக்கம் பற்றி அங்கேயே டாக்டர் பட்ட ஆய்வு செய்தவர். பிறர் வாசிக்கக் கேட்டுக்கேட்டு ஆவணங்களைத் தொகுத்த உழைப்பு அது. அவர் 2009ல் இறந்தார். ஆங்கிலத்தில் அது நூலாக லெஃப்ட்வேர்ட் வழியாக வந்தது 2013ல். இதற்கிடையே, அந்த ஆய்வின் நடுநாயகமான பெரம்பூர் பின்னி ஆலை 1996ல் மூடப்பட்டே போனது. தங்கள் சங்கத்தின் கதை ஆய்வேடாகக் கட்டிவைக்கப்பட்டிருந்த ஆண்டுகளில்தான் அந்தத் தொழிலாளர்கள் கடைசிச் செட்டில்மென்டுக்காக அலைந்தார்கள். தனிமனிதர் மேல் இதில் பழியில்லை. ஆய்வு முடிந்தால் அது யாரிடம் போய்ச்சேர வேண்டும் என்று நம் பல்கலைக்கழகம் கேட்டுக்கொள்வதில்லை, அவ்வளவுதான்.

சரி, போய்ச்சேர்ந்திருந்தால்? இங்கேதான் 'சமூகம்' என்ற சொல்லை உடைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1918 ஏப்ரல் 27ல் பி.பி. வாடியா, திரு.வி.க. தலைமையில் பெரம்பூரில் சென்னைத் தொழிற்சங்கம் பிறந்தது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று பெருமையாகச் சொல்கிறோம். மூன்றே ஆண்டுகளில், 1921ல், பக்கிங்ஹாம்-கர்நாடிக் ஆலையில் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குப் போனார்கள். புளியந்தோப்பில் சேரி வீடுகள் எரிந்தன, கலவரம், துப்பாக்கிச் சூடு. எம்.சி. ராஜா ஆதிதிராவிடர் தரப்பைப் பேசினார், நீதிக்கட்சிக்குள் விரிசல் கண்டது. சங்கத்தின் கதையாடலில் அவர்கள் 'கருங்காலிகள்'. சங்கம் என்ற வீட்டில் தனக்கு எந்தத் திண்ணை ஒதுக்கப்பட்டிருந்தது என்று ஆதிதிராவிடத் தொழிலாளியிடம் கேட்டு எழுதியிருந்தால் கதை வேறு. இந்த நகரத்தின் பொதுவெளியில் உழைப்பின் வரலாறாக நிற்பது மெரினாவில் 1959ல் வைக்கப்பட்ட ராய் சௌத்ரியின் சிலைதான். நாலுபேரும் ஒன்றாய்ப் பாறையைத் தள்ளுகிறார்கள். அழகான சிலை. 1921 அதில் இல்லை.

ஆக, 'சமூகத்தைச் சந்திக்கிறோம்' என்று வருகிற பல்கலைக்கழகம் சந்திப்பது எப்போதும் சமூகத்தில் ஏற்கனவே பேச இடம் கிடைத்தவரைத்தான். பாடியில் அது யார்? பி.எஃப். வாங்கி, சொந்தவீடு கட்டி, டீக்கடையில் பெஞ்சு பிடித்து உட்கார்ந்திருக்கும் பர்மனென்ட் தொழிலாளி. அவர் பேச்சில் ஒரு பொற்காலம் உண்டு. அது ரெக்கார்டரில் அழகாகப் பதியும், கண்காட்சிக்குத் தோதாக இருக்கும்.

அன்றைக்கு அந்த டீக்கடையில் இன்னொருவன் இருந்தான். யூனிஃபார்மில், இரண்டாவது ஷிஃப்டுக்குப் போகிற வழியில், ஒடிசாவிலிருந்து வந்த காண்ட்ராக்ட் பையன். மாணவர்கள் அவனிடம் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொன்னார்கள், ரெக்கார்டிங்கில் சத்தம் விழுகிறதாம். அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. உள்ளூர் வரலாற்றில் அவன் வெளியூர்.

மைக்கேல் ஃபிரிஷ் 1990ல் வாய்மொழி வரலாறு பற்றி எழுதிய நூலில் 'பகிரப்பட்ட அதிகாரம்' என்றொரு கருத்தை வைத்தார். பலர் அதைப் பல்கலைக்கழகம் தன் அதிகாரத்தில் கொஞ்சம் கிள்ளிக் கொடுப்பது என்று புரிந்துகொள்கிறார்கள். அவர் சொன்னது வேறு. பேசுகிறவர் தன் வாழ்க்கையை ஏற்கனவே விளக்கிக்கொண்டுதான் பேசுகிறார். அதிகாரம் உரையாடலுக்குள்ளேயே பகிரப்பட்டுக் கிடக்கிறது. கேட்கிறவருக்கு அது தெரிய வேண்டும்.

டர்னர் பேசியதில் மாணவர்கள் குறித்துக்கொள்ளாத ஒரு பகுதி உண்டு. பர்மனென்ட் ஆன கதை. 1981ல் தமிழ்நாட்டில் ஒரு சட்டம் வந்தது: இருபத்துநாலு மாதத்தில் 480 நாள் வேலைசெய்திருந்தால் தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும். 'சட்டம் வந்துட்ச்சி. ஆனா நாள எவன் எண்றது? நானூத்தி அறுவது நாள்ல நிறுத்திட்டு, வேற பேர்ல திருப்பி எடுத்தா? அதான் நாங்க ஒரு நோட்டு போட்டோம். ஒவ்வொருத்தன் கார்டையும் பாத்து தேதி எழுதுவோம். நோட்டு ஒருத்தன் வீட்டுல இருக்காது, மாத்தி மாத்தி வைப்போம்.' எந்தக் கம்பெனி என்று நானும் எழுதப்போவதில்லை. அந்த நோட்டு அவர் வீட்டு டிரங்குப் பெட்டியில் இன்னும் இருக்கிறது, 12(3) ஒப்பந்த நகல்களோடும் சங்க ரசீதுகளோடும். அந்த ஒப்பந்தங்களுக்கு ஆதாரமான 1947ஆம் ஆண்டுத் தொழில்தகராறு சட்டமே 2025 நவம்பரில் புதிய தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோது பழங்கதையாகிவிட்டது. ஆவணக்காப்பகம் என்று எதைத் தேடுகிறோமோ அது கட்டிலுக்கடியில் கரையான் அரித்துக்கொண்டிருக்கிறது.

அமெரிக்காவில் ரட்கர்ஸ்-நியூவார்க்கை மையமாகக் கொண்ட கூட்டமைப்பு ஒன்று, 2019ல் இருபதுக்கு மேற்பட்ட நகரங்களின் பல்கலைக்கழகங்களை அந்தந்த ஊர் அமைப்புகளோடு இணைத்துச் சூழல் அநீதி பற்றிக் கண்காட்சி அமைத்தது. குறைகள் இருக்கலாம். ஆனால் இன்றைய பிரச்சினை முதலில், வரலாறு அதற்குப் பின்னால் என்ற வரிசை அதில் இருந்தது. கொரட்டூர் ஏரிக்காகப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போன மக்களுக்குத் தெரியும், ஏரிக்குக் கழிவு எப்போதிலிருந்து, எந்தக் கால்வாய் வழி வந்தது என்பது வெறும் வரலாற்றுக் கேள்வியாக இருப்பதில்லை.

அதே வரிசையில் பாடியில் கேட்டால், கேள்வி 'உங்கள் அனுபவம் எத்தகையது' என்று இருக்காது. 'நாளை எப்படி எண்ணினீர்கள்?' என்று இருக்கும். அதைக் கேட்க அந்த ஒடிசாப் பையனும் பெஞ்சில் இருக்க வேண்டும். காண்ட்ராக்டர் பெயரில் இருப்பவனுக்கு 480 நாள் சட்டம் எளிதில் எட்டாது என்பது உண்மை. பெரியவரின் சங்கமே காண்ட்ராக்ட்காரர்களை ஒருநாளும் உறுப்பினராகச் சேர்த்ததில்லை என்பதும் உண்மை. அதையும் கேட்டாக வேண்டும். கேட்டால் பெரியவருக்குக் கோபம் வரலாம், கண்காட்சி நடக்காமலும் போகலாம்.

கல்லூரி வாசலிலிருந்து திரும்பிய அன்று அவரோடு பஸ்ஸில் வந்தேன். படம் எப்படி இருந்தது என்று கேட்கவில்லை. 'அந்தப் பொண்ணு நல்ல பொண்ணுப்பா. நோட்டு இருக்குன்னு சொன்னேன், இன்னொரு நாள் வரேன் தாத்தான்னுச்சி, வரவே இல்ல' என்றார். நோட்டை நானே போட்டோ எடுத்துப் பிரதி போட்டுத் தருகிறேன் என்றேன். கொஞ்சதூரம் போனபின் கேட்டார்: 'இப்ப லைன்ல இருக்கறவன்லாம் இந்திக்காரன், ஒரியாக்காரன். தமிழ்ல இருந்தா எவன் படிப்பான்? அத யாரு எழுதிக் குடுப்பா?'