முல்லரின் கணக்கேடு

ஜார்ஜ் முல்லர் பிரிஸ்டலில் 1836-இல் திறந்த அநாதைச் சாலையைப் பற்றித் தாமே எழுதிய விவர நூலை (முதற் பகுதி 1837) ஜெபத்திற்குக் கிடைத்த பதில்களின் தொகுப்பாகவே நம் போதகர்கள் எடுத்தாளுகின்றனர். ஆயின் அது கொடை பெறும் முறையைப் பற்றிய நூலுமாகும். தட்டு, கிண்ணம், கத்தி, முட்கரண்டி யாவும் பவுன்களுக்குரிய அதே மரியாதையுடன் பதிவாகின்றன. ஈந்தோர் பெயர்களோ பெரும்பாலும் அச்சேறவில்லை. தையல் வேலையால் வாரம் சில ஷில்லிங்குகளே ஈட்டிய பலவீனமான பெண்ணொருத்தி, தனக்குக் கிடைத்த பிதுரார்ஜிதத்திலிருந்து 100 பவுன் கொடுக்க முன்வருகிறாள். முல்லர் அவளைச் சந்தித்து, செல்லும் செலவைக் கணக்குப் பார்த்தாளா என்று விசாரித்தறிந்த பின்னரே ஏற்கிறார். நூலின் உச்சம் இதுவே என்பேன்.

மனிதரிடம் கேட்பதில்லை என்றவர் ஆண்டறிக்கை அச்சிட்டது ஏன்? அதுவும் ஒருவகை விண்ணப்பமன்றோ? இதை அவரும் உணர்ந்திருந்தார். 1841 இறுதியில் கையில் பணமற்ற நாட்களில் அறிக்கையையும் கூட்டத்தையும் தள்ளிவைத்தார். இவ்விடை எனக்கு முழுத் திருப்தி தரவில்லை.

பெருங்குறை வேறொன்று. கொடுப்பவரின் உள்ளம் இத்துணை ஆராயப்படும் நூலில், உண்ட பிள்ளைகளின் குரல் அரிதாகவே கேட்கிறது. அக்குறையை நாம் பெருக்கிவிட்டோம். பெரிய நிறுவனங்கள் தங்கள் இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டுமென 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் விதித்தபின், நம் விடுதிகளுக்கும் அப்பணம் வருகிறது. தையற்காரியிடம் கேட்ட கேள்வியை நிறுவனத்திடம் நாம் கேட்பதில்லை. வாயிற்பலகையில் அதன் பெயர். காசோலை வழங்கும் நாளில், புகைப்படத்திற்காக வெயிலில் வரிசையாய் நிற்பவர் பிள்ளைகள்.