கடவுளுக்கு முதலிடம், வீட்டுக்கு? – லட்சுமிபாய் திலக்கின் ‘ஸ்மிருதிசித்ரே’

திலக் என்றவுடன் நமக்கு லோகமான்யர்தான் ஞாபகத்துக்கு வருவார். நான் சொல்ல வந்தது வேறொரு திலக்கை. மராத்திக் கவிஞர் நாராயண் வாமன் திலக் (1861–1919) சித்பாவன பிராமணர். 1895 பிப்ரவரியில் பம்பாயில் ஞானஸ்நானம் பெற்றார். அவர் மனைவி லட்சுமிபாயின் தன்வரலாறுதான் ‘ஸ்மிருதிசித்ரே’. 1934 தொடங்கி நான்கு பாகங்களாக வெளிவந்தது. நான் படித்தது சாந்தா கோகலேயின் ஆங்கில மொழிபெயர்ப்பு (2017).

தாய், தகப்பன், மனைவி, பிள்ளை எல்லாரையும்விட ஆண்டவரோடு உள்ள உறவே பெரிது என்பது கிறிஸ்தவப் பிரசங்கங்களில் அடிக்கடி காதில் விழுகிற பேச்சு. லூக்கா 14ஆம் அதிகாரம் அதற்கு ஆதாரம். நம் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை 1894இல் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’ அந்த வழியில் போகிற காவியம். அதற்கு மூலமான ஜான் பனியனின் கதையில், மனைவியும் மக்களும் கூப்பிடக் கூப்பிட நாயகன் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். அந்த ஓட்டத்தை நான் வியந்ததுண்டு. கூப்பிட்டவள் கதி என்ன ஆயிற்று என்று கேட்கத் தோன்றியதில்லை. (1684இல் இரண்டாம் பாகம் எழுதி அவளையும் பனியன் புறப்பட வைத்தார், அது வேறு விஷயம்.)

லட்சுமிபாய் எழுதுவது அந்தக் கூப்பிட்டவளின் இடத்திலிருந்து.

நூல் கணவரிடம் ஆரம்பிக்கவில்லை, தகப்பனாரிடம் ஆரம்பிக்கிறது. 1857 கிளர்ச்சியை ஒட்டிக் குடும்பத்துக்கு வேண்டிய ஒருவர் தூக்கிலிடப்பட்ட அதிர்ச்சியில் அவருக்கு மடி, ஆசாரம் என்று ஒரு பித்துப் பிடித்துவிட்டது. கடையிலிருந்து வரும் சாமானெல்லாம் கழுவித்தான் உள்ளே வரவேண்டும். படிக்கும்போது சிரிப்பு வரும். கழுவுகிறவர்கள் யார் என்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும். கடவுளுக்கு முதலிடம் கொடுத்த ஒருவரின் வீட்டிலிருந்து, அப்படியே செய்யப் போகிற இன்னொருவரின் வீட்டுக்கு அந்தப் பெண் வாழ்க்கைப்பட்டுப் போகிறாள். நூலாசிரியர் இந்த ஒற்றுமையை வாய்விட்டுச் சொல்லவில்லை, வரிசைப்படி வைத்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறார்.

கணவர் மதம் மாறியபின் ஏறக்குறைய ஐந்து வருஷம் பிரிவு. சிறுபிள்ளையோடு அவர் பண்டரிபுரத்தில் உறவினர் வீட்டில் இருந்தார். துகாராம் என்ற பாலத்தின் மேல் நடந்தே கிறிஸ்துவிடம் வந்ததாகச் சொன்னவர் திலக். அந்தத் துகாராமின் விட்டலன் ஊரிலேயே மனைவி அழுதுகொண்டு கிடந்தார்!

இந்த நூலை நகைச்சுவைக்காகவே பாராட்டுகிறவர்கள் உண்டு. சும்மா சொல்லக் கூடாது, நகைச்சுவை அபாரம்தான். ஆனால் எனக்கென்னவோ அதை ஒரு கணக்குப் புத்தகமாகவும் படிக்கத் தோன்றுகிறது. திலக்கின் கையில் காசு தங்காது. கோபம் சட்டென்று வரும், இரக்கமும் அப்படியே. மகா மனுஷர்தான். ஆனால் அவருடைய தாராளத்துக்கு வீட்டுச் செலவில் எவ்வளவு குறைந்தது என்பதை மனைவி மறக்கவில்லை. கோள் சொல்லவுமில்லை.

அப்படியானால் இது ‘கடவுளே பெரிது’ என்பதற்கு மறுப்பா? அங்கேதான் நான் சற்றுத் தடுமாறினேன். ஏனென்றால் 1900இல் அவரும் ஞானஸ்நானம் பெறுகிறார். அதற்கு முன்பே, கணவரோடு சேர்ந்து வாழத் தொடங்கிய பிறகும் தனியாக மடியாகச் சமைத்துக்கொண்டிருந்தவர், சாதியைக் கடவுள் உண்டாக்கவில்லை என்று தாமே யோசித்து முடிவுக்கு வருகிறார். கணவர் போதித்து வந்த தெளிவாக எழுதவில்லை. அவருக்குக் கடவுளோடு ஏற்பட்ட உறவு அவருடைய சொந்தச் சம்பாத்தியம். அதற்காக அவரும் உறவுகளை இழந்தார், ஆனால் காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அவர்கள் அழுத குரல்கள் எல்லாம் நூலில் இருக்கின்றன.

ஒரு குறையும் சொல்லவேண்டும். ஞானஸ்நானத்துக்குப் பிந்திய பகுதிகளில் ஜெபத்தைப் பற்றி, உள்ளே நடந்ததைப் பற்றி மிகக் குறைவாகவே பேசுகிறார். இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாமே என்று இருந்தது.

1917இல் திலக் மிஷன் வேலையையும் விட்டுவிட்டு, சாதாராவில் ‘தேவாச்சா தர்பார்’ தொடங்கினார். இரண்டு வருஷத்தில் காலமானார். அவர் ஆரம்பித்துச் சில அத்தியாயங்களோடு நின்றுபோன ‘கிறிஸ்தாயன’ காவியத்தை, பள்ளிக்கூடமே போகாத லட்சுமிபாய்தான் எழுதி முடித்தார்.