பலகை முன்னால் முக்கால் மணி நேரம்

கையில் ஒரு மார்க்கர், எதிரே வெள்ளைப் பலகை. "குழந்தைகளுக்கு ஓர் ஏ.டி.எம். வடிவமைத்துக் காட்டுங்கள்" என்று சொல்லிவிட்டு எதிரில் இருப்பவர்கள் நாற்காலியில் சாய்ந்துகொள்கிறார்கள். யூஎக்ஸ் வேலைக்கு, அதாவது செயலியோ இணையதளமோ பயன்படுத்துகிறவருக்குச் சிக்கலில்லாமல் அமையும்படி வடிவமைக்கும் வேலைக்கு, இன்டர்வியூ போகிறவர்கள் பலர் இந்தக் கட்டத்தைத் தாண்ட வேண்டியிருக்கிறது. முக்கால் மணி நேரம், மிஞ்சினால் ஒரு மணி நேரம். அதற்குள் யோசிக்கவும் வேண்டும், வரையவும் வேண்டும், யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். இத்தகைய கேள்விகளுக்கென்றே ஆர்டியோம் டாஷின்ஸ்கி 2018-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பொதுத்தேர்வுக்கு நோட்ஸ் வருவதுபோல இதற்கும் வழிகாட்டி வந்துவிட்டது.

சோதனையில் பயன் இல்லாமல் இல்லை. விண்ணப்பதாரர் கொண்டுவரும் பழைய வேலைகளின் தொகுப்பு மெருகேறியது. பலர் கூடிச் செய்தது. அதில் அவர் பங்கு எவ்வளவு என்று தெரியாது. பலகை முன் அது மறைவதில்லை. ஒருவர் கேள்வியைக் கேட்டதும் பொத்தான்களை வரையத் தொடங்குகிறார். இன்னொருவர், குழந்தை பணம் எடுக்கப் போகிறதா, சேமிக்கக் கற்றுக்கொள்ளப் போகிறதா என்று கேட்கிறார். இரண்டாமவரை நம்பி வேலை கொடுக்கலாம்.

கேள்வி ஊருக்குப் பக்கத்தில் வந்தால் இந்த வேறுபாடு இன்னும் துலங்கும். பெண்ணாடத்தைச் சுற்றிக் கரும்பு பயிராகிறது. பக்கத்து இறையூர் சர்க்கரை ஆலை அமைந்த ஊர். 'கரும்பு விவசாயிக்கு ஆலையின் வெட்டு உத்தரவைத் தெரிவிக்கும் செயலி' என்பதே கேள்வி என்று வைத்துக்கொள்ளலாம். வழிகாட்டியைப் படித்து வந்தவர் பயனர், தேவை, திரை என்று கட்டம் பிரித்து, உத்தரவு வந்ததும் மணியடிக்கும் திரையொன்றை வரைவார். கரும்புக் கொல்லையைப் பார்த்து வளர்ந்தவருக்கு வேறு கேள்விகள் எழும். அன்றைக்கு வெட்டாட்கள் கிடைப்பார்களா? டிராக்டர் எப்போது வரும்? ஆலை வாசலில் எத்தனை வண்டி நிற்கிறது? வெட்டிய கரும்பு காத்துக் கிடந்தால் எடையும் குறையும், சர்க்கரைச் சத்தும் குறையும். ஆளும் வண்டியும் ஆலையும் ஒத்துவரும் நாள்தான் விவசாயிக்கு வேண்டும். பதிவான போன் எண் வெளியூரில் வேலை பார்க்கும் மகனுடையது என்றால், அந்த மணி திருப்பூரில் அடிக்கும்.

இவ்வளவும் தெரிந்தவர் அதைப் பலகை முன் சொல்லிவிடுவாரா? ஆங்கிலத்தில், மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க?

வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து 48 கணினியியல் மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2020-இல் வெளியானது. பாதிப்பேர் ஒருவர் பார்க்கப் பலகையில் நிரல் எழுதினார்கள். மீதிப்பேர் தனியறையில் அதே வேலையைச் செய்தார்கள். பார்க்கப்படுகிறோம் என்ற ஒன்றே திறனைப் பாதியளவுக்கும் கீழே இறக்கியது. பார்வையாளர் முன் நின்ற பெண்களில் ஒருவரும் தேறவில்லை. தனியறையில் எழுதிய பெண்கள் எல்லோரும் தேறினார்கள். ஆய்வு சிறியது, அதுவும் நிரல் எழுதுவது பற்றியது. ஆனாலும் வடிவமைப்பு நேர்காணல் நடத்துகிறவர்கள் இதை ஒதுக்க முடியாது. பதற்றத்தை அளந்துவிட்டு அதற்குத் திறமை என்று பெயர் வைப்பது, முதல் தலைமுறையாகப் படித்து வரும் பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

இதைவிடப் பெரிய குறை, அந்த அறையில் பயனரே இல்லாதது. ரயில்வேயின் தானியங்கி டிக்கெட் இயந்திரங்களை நினைத்துப் பார்க்கலாம். வரிசையைக் குறைக்க வைத்த இயந்திரத்தின் பக்கத்திலேயே, பயணிக்காகத் திரையைத் தொட்டு டிக்கெட் எடுத்துத் தர ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர்களை கமிஷன் அடிப்படையில் நிறுத்த வேண்டிவந்தது. வண்டி வரும் நேரம், கையில் மூட்டை, பின்னால் நெருக்கும் கூட்டம் என்ற நிலையில் ஒருவர் திரையை எப்படித் தொடுவார் என்பதைக் குளிரூட்டிய அறையில் ஊகிக்க முடியாது. பலகைச் சோதனையோ ஊகத்தைத் தயங்காமல் சொல்கிறவருக்கே மதிப்பெண் போடுகிறது.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் பயிற்சி இதற்கு மாற்றாகாது. சம்பளமில்லாமல் இரண்டு நாள் உழைக்க, வேலையில் இருப்பவருக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவருக்கும் எங்கே நேரம்?

பலகையே இருக்கட்டும், நடத்தும் விதம் மாறட்டும். விண்ணப்பதாரர் பலகையை இரண்டாகப் பிரித்து, தெரிந்ததை ஒரு பக்கமும் ஊகத்தை மறு பக்கமும் எழுதலாம். கேட்பவர்கள் முதல் பத்து நிமிடம் அறையை விட்டு வெளியே போகலாம். தமிழில் பேசலாம் என்று முன்கூட்டியே சொல்லலாம். டிக்கெட் செயலி பற்றிய கேள்வி என்றால், தினமும் ரயிலில் வந்துபோகும் கேன்டீன் அக்காவைச் சம்மதம் கேட்டுக் கொஞ்ச நேரம் உட்கார வைக்கலாம். அவரிடம் விண்ணப்பதாரர் என்ன கேட்கிறார், பதிலைக் கேட்டபின் பலகையில் எதை அழிக்கிறார் என்று கவனிக்கலாம்.